பள்ளிச் சுற்றுலாவும் சுற்றுச்சூழலும்: ஊட்டி கிளம்பும் முன் கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு மாவட்டத்துப் பள்ளிகளில் டூர் என்றால் பெரும்பாலும் ஊட்டிதான். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பேச்சு ஆரம்பித்துவிடும். எங்கள் பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பு என்னிடம் இருப்பதால் மற்ற ஆசிரியர்களும் பெற்றோரும் பிள்ளைகளும் என்னிடம் வந்து கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே பதிலோடு எழுதியிருக்கிறேன். கொடைக்கானலுக்கோ ஏற்காட்டுக்கோ போகிற பள்ளிகளுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

நீடித்த சுற்றுலா என்கிறார்களே, அதை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

நாம் போய்விட்டு வந்ததால் அந்த ஊர் கெடக் கூடாது. அங்கே இருக்கிற ஆட்களுக்கு நம்மால் நாலு காசு கிடைக்க வேண்டும். அடுத்த வருடம் போகிற பிள்ளைகளுக்கும் அதே காடும் அதே தண்ணீரும் இருக்க வேண்டும். இவ்வளவு சொன்னால் எட்டாம் வகுப்புக்குப் போதும். ஐ.நா. சபை 2017ஐ வளர்ச்சிக்கான நீடித்த சுற்றுலா ஆண்டாக அறிவித்தது என்பதைப் பொது அறிவுக் கேள்விக்காக வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். விளக்கத்தை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். மலைக்குப் போய் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதில்தான் அது தெரியும்.

பாடப் புத்தகத்தில் சுற்றுச்சூழல் ஏற்கெனவே இருக்கிறதே, தனியாக என்ன சொல்லித்தருவது?

இருக்கிறது. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991ல் சுற்றுச்சூழலைக் கட்டாயம் கற்பிக்கச் சொன்னது. அதன் பிறகு எல்லாப் பாடத்திட்டத்திலும் வந்துவிட்டது. பிள்ளைகள் 'நெகிழியின் தீமைகள்' பற்றி ஐந்து மதிப்பெண்ணுக்குப் பிழையில்லாமல் எழுதுவார்கள். அதே பிள்ளைகள் பஸ் ஜன்னல் வழியாகப் பாக்கெட்டை வீசுவதையும் பார்க்கிறோம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வகுப்பறையில் ஒன்றைச் சொல்லிவிட்டு, டூர் அன்று ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலும் பிளாஸ்டிக் தட்டில் சாப்பாடும் கொடுப்பது பெரியவர்கள்தான். பிள்ளைகள் எதை நம்புவார்கள்? கண்ணால் பார்த்ததைத்தான். அதனால் டூரை எப்படி நடத்துகிறோமோ அதுவே பாடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தனி வகுப்பு நடத்த நேரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

நம்ம பிள்ளைகளுக்கும் ஊட்டி மலைக்கும் என்ன சம்பந்தம்? ஒரு நாள் பார்த்துவிட்டு வரப்போகிறோம், அவ்வளவுதானே?

இந்தக் கேள்விக்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்ல ஆசை. ஈரோட்டுப் பிள்ளைக்கு அந்த மலையோடு இருக்கிற சம்பந்தம் தினசரிச் சம்பந்தம்.

பவானி ஆறு நீலகிரியின் மேல் பவானிப் பகுதியில் பிறந்து, கேரளத்துக்குள் இறங்கி, அட்டப்பாடி வழியாகத் திரும்பி மேட்டுப்பாளையம் வருகிறது. மோயாறும் அதே மலைத்தொடரின் நீரைச் சுமந்துகொண்டு முதுமலைப் பக்கமாகச் சுற்றி வருகிறது. இரண்டும் பவானிசாகர் அணையில் சேர்கின்றன. 1955ல் கட்டி முடிக்கப்பட்ட அணை. உயரம் 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. கீழ்பவானி வாய்க்காலில் பாய்வது அந்தத் தண்ணீர்தான். கோபிசெட்டிபாளையத்தில் நெல்லுக்கும் மஞ்சளுக்கும் பாய்வதும், பல ஊர்களில் குழாயில் வருவதும் அதுதான்.

அந்த மலை உச்சியில் மழை வருடம் முழுக்கப் பெய்வதில்லை. ஆனாலும் கோடையிலும் ஓடைகளில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். மலை மேலே இருக்கிற புல்வெளியும், மடிப்புகளில் ஒதுங்கி நிற்கிற சோலைக் காடும் சேர்ந்து மழையைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. புல்வெளி வெட்டவெளியாகத் தெரிவதால் சும்மா கிடக்கிற இடம் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். பவானி பிறக்கிற இடமே அதுதான் என்று அங்கே நிற்க வைத்துக் காட்டுங்கள்.

டூருக்கு முந்தின வாரம் ஒரு வேலை கொடுக்கலாம். வீட்டில் குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொரு பிள்ளையும் விசாரித்து வரட்டும். தாத்தா பாட்டியிடமும், தண்ணீர் திறந்துவிடுகிற பஞ்சாயத்து ஆளிடமும் கேட்கட்டும். வரைபடத்தில் விரலை வைத்து மேலே மேலே போனால் பல பிள்ளைகளுக்கு நீலகிரியில் போய் முடியும். ஒரு காலத்தில் 'ஊட்டி எங்கே இருக்கிறது' என்று கேட்டால் 'மேலே' என்று கை காட்டிய பிள்ளைகள், 'எங்கள் தண்ணீர் அங்கிருந்து வருகிறது' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டால், அப்புறம் அங்கே குப்பை போடாதே என்று தனியாகச் சொல்ல வேண்டிய தேவை பெரிதாக இருக்காது.

ஒரு பஸ், 50 பிள்ளைகள். இதனால் அந்த மலைக்கு என்ன ஆகிவிடும்?

ஒரு கணக்கு போடுவோம். ஆளுக்கு 2 பாட்டில், 3 பாக்கெட் என்று வைத்தால் 50 பேருக்கு 250 துண்டு குப்பை. அந்த 250ஐக் கரும்பலகையில் எழுதுங்கள். பக்கத்தில் இன்னொரு எண்ணையும் எழுதுங்கள். 2025 கோடை சீசனில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்குள் ஒரு நாளைக்கு விட்ட வண்டிகள் வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. கட்டுப்படுத்திய பிறகே இவ்வளவு! அத்தனை வண்டியில் வருகிறவர்களும் 'நம்ம ஒரு வண்டியால என்ன' என்று நினைத்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகளே பெருக்கிப் பார்க்கட்டும். ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

தண்ணீரையும் யோசிக்கச் சொல்லுங்கள். ஊட்டி நகரத்துக்குக் குடிநீர் முக்கியமாகப் பார்சன்ஸ் வேலி அணையில் இருந்து வருகிறது. சீசனில் விடுதிகள் நிரம்பும்போது அங்கே வீடு வைத்திருக்கிறவர்களும் அதே தண்ணீரைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

பள்ளி பஸ்ஸுக்கும் இ-பாஸ் வேண்டுமா?

வெளி மாவட்டத்தில் இருந்து போகிற வண்டி என்றால் எடுத்துவிடுங்கள். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த முறை இருக்கிறது. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தேவையில்லை. எண்ணிக்கை வரம்பும் விதிகளும் சீசனுக்குச் சீசன் மாறும். தேதி குறிக்கும் முன் நீலகிரி மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தை அலுவலக அறையில் உட்கார்ந்து போடாமல், மன்றத்துப் பிள்ளைகள் இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள். ஒரு மலைக்குப் போக ஏன் அனுமதி வேண்டும் என்று அவர்களே கேட்பார்கள்.

எதையெல்லாம் கொண்டு போகக் கூடாது? எதைக் கொண்டு போக வேண்டும்?

ஒரு முறை மட்டும் பயன்படுத்தித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் 14 வகைக்குத் தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி 1 முதல் தடை. நீலகிரி இதில் மாநிலத்துக்கே முன்னோடி. சுப்ரியா சாஹு ஆட்சியராக இருந்த காலத்தில், 2000ஐ ஒட்டியே அங்கே பிளாஸ்டிக்குக்கு எதிரான வேலை தொடங்கிவிட்டது. சின்ன தண்ணீர் பாட்டில்களும் குளிர்பான பாட்டில்களும் அங்கே தடை செய்யப்பட்டவை. கல்லாறு, பர்லியாறு பக்கம் செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். செக்போஸ்ட்டுக்குப் பயந்து பாட்டிலை சீட்டுக்கு அடியில் ஒளிக்கச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்கிவிடாதீர்கள். அதைவிட மோசமான பாடம் வேறு இல்லை.

கொண்டு போக வேண்டியவை எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். பஸ்ஸில் பெரிய கேனில் குடிதண்ணீர். தீர்ந்தால் நீலகிரியில் பல இடங்களில் தண்ணீர் ஏ.டி.எம். இருக்கிறது, சில்லறைக் காசு கையில் வைத்துக்கொண்டால் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். தீனிக்கு முறுக்கு, கடலை உருண்டை, தட்டுவடை. பெற்றோர் நாலைந்து பேர் சேர்ந்து சம்படத்தில் செய்து கொடுத்தால் கடைப் பாக்கெட் வாங்கும் செலவும் மிச்சம். இதைச் சொன்னால் முதலில் முணுமுணுப்பு இருக்கும். பஸ் மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் சம்படம் காலியாகிவிடும். மதியம் சாப்பாட்டுக்குத் தலைவாழை இலையோ எவர்சில்வர் தட்டோ போதும். பிளாஸ்டிக் பூச்சு போட்ட காகிதத் தட்டு மட்கும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

பெரும்பாலான பட்டியல்களில் விட்டுப்போகிற ஒன்று உண்டு. மாதவிடாய் நாளில் இருக்கிற பெண் பிள்ளைகள். நாப்கினை எங்கே போடுவது என்று தெரியாமல் கழிப்பறை ஜன்னலிலோ புதரிலோ போட்டுவிட்டு வருகிறார்கள். கிளம்பும் முன் ஆசிரியை ஒருவர் அவர்களோடு தனியாகப் பேசி, பழைய செய்தித்தாளும் மூடியுள்ள ஒரு டப்பாவும் பஸ்ஸில் இருப்பதைச் சொல்லிவிடட்டும். எந்தக் கழிப்பறையில் வண்டி நிற்கும் என்பதையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

குரங்குக்கு பிஸ்கட் போட்டால் என்ன தப்பு? பசிக்குமே, பாவம்.

பிள்ளை கேட்கிற கேள்வி இது. கேட்கிற பிள்ளைக்கு நல்ல மனசு, அதனால் அதட்டக் கூடாது.

மலைப்பாதை ஓரத்தில் நாம் பார்ப்பது பெரும்பாலும் நாட்டுக் குரங்கு. காட்டில் பழம், கொழுந்து, பூச்சி, விதை என்று அதற்கு நாள் முழுக்கத் தேடித் தின்ன இருக்கிறது. தின்ற பழத்தின் விதையை வேறு இடத்தில் போட்டு மரம் முளைக்கவும் உதவுகிறது. ரோட்டில் சும்மா உட்கார்ந்தால் பிஸ்கட் வரும் என்று தெரிந்துவிட்டால் கூட்டமே ரோட்டுக்கு வந்துவிடும். வண்டியில் அடிபடும். தாய்க் குரங்கு பிஸ்கட்டுக்கு ஓடும்போது மடியில் குட்டியும் இருக்கும். கொஞ்ச நாளில் பையைப் பிடுங்கும், கடிக்கும். உடனே ஊர்க்காரர்கள் புகார் கொடுப்பார்கள், கூண்டு வைத்துப் பிடித்துத் தெரியாத காட்டில் விடுவார்கள். ஒரு பிஸ்கட்டில் தொடங்கியது இங்கே வந்து நிற்கும். வனப்பகுதியில் விலங்குகளுக்குத் தீனி போட்டால் வனத்துறை அபராதமும் போடும்.

சரி, அந்த நல்ல மனசை எங்கே திருப்புவது? வால்பாறைக்குப் பக்கத்தில் புதுத்தோட்டத்தில் சோலைமந்திகள் (சிங்கவால் குரங்குகள்) ரோட்டைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டன. அவை தரையில் இறங்காமல் கடக்க, மரத்துக்கு மரம் பாலம் கட்டினார்கள். இப்போது அதில் ஏறிக் கடக்கின்றன. குரங்குக்கு உதவ ஆசைப்படுகிற பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். அடுத்த நிமிடமே நோட்டில் பாலம் வரைய ஆரம்பித்துவிடும்.

யானை பிளாஸ்டிக் தின்று செத்தது போன்ற செய்திகளைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா? பயந்துவிட மாட்டார்களா?

ஐந்தாம் வகுப்பு வரை வேண்டாம் என்பது என் எண்ணம். அந்த வயதில் யானை எப்படிக் குடும்பமாகப் போகிறது, என்ன தின்கிறது, ஒரே வழித்தடத்தை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்பதே போதும். முதலில் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகுதான் அதற்காகக் கவலைப்படத் தோன்றும்.

எட்டாம் வகுப்புக்கு மேல் மறைக்கக் கூடாது. 2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை இறந்தது. பிரேதப் பரிசோதனையில் வயிற்றில் குட்டியும் இருந்தது, பிளாஸ்டிக் கழிவும் இருந்தது. மருதமலை நம் பிள்ளைகள் பலரும் குடும்பத்தோடு சாமி கும்பிடப் போகிற இடம். 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு விடுதிப் பக்கம் வந்த யானை மீது எரியும் துணியை வீசினார்கள், காயத்தோடு அலைந்த அது இறந்துபோனது. இவற்றைச் சொல்லும்போது படம், வீடியோ காட்ட வேண்டாம். சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். பிறகு என்ன நடந்தது என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். நீலகிரியின் சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளைப் பற்றிய வழக்கில் 2020ல் உச்ச நீதிமன்றம் யானைகளின் பக்கம் நின்றது. காட்டில் வீசிய மது பாட்டில்கள் உடைந்து யானைகளின் பாதத்தைக் கிழிக்கின்றன என்ற விஷயம் உயர் நீதிமன்றம் வரை போய், 2022ல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தருகிற முறை வந்தது. பெரியவர்கள் செய்த தவறைச் சட்டத்தாலும் யோசனையாலும் திருத்த முடியும் என்று தெரிந்தால் பிள்ளைக்குப் பயம் வராது. நானும் ஏதாவது செய்யலாமே என்றுதான் தோன்றும்.

பைன் மரக் காட்டுக்குக் கூட்டிப்போகலாமா? அங்கே இயற்கை நன்றாக இருக்குமே.

கூட்டிப்போங்கள். ஆனால் அது காடு இல்லை என்று அங்கே நின்றே சொல்லுங்கள்.

பைன், தைல மரம், சீகை என்கிற வாட்டில் மரம் எல்லாம் நீலகிரிக்கு வெளியில் இருந்து வந்தவை. ஆங்கிலேயர் காலத்தில் விறகுக்காகவும், பின்னால் தொழிற்சாலைகளுக்காகவும் புல்வெளியில் நட்டார்கள். சீகை இன்றைக்கும் தானாகவே பரவிப் புல்வெளியை விழுங்கிக்கொண்டிருக்கிறது. பைன் தோப்பில் பிள்ளைகளை ஐந்து நிமிடம் பேசாமல் நிற்கச் சொல்லி, எத்தனை பறவைக் குரல் கேட்கிறது, காலடியில் எத்தனை வகைச் செடி இருக்கிறது என்று எண்ண வையுங்கள். அப்புறம் வனத்துறை அனுமதிக்கிற ஒரு சோலையின் ஓரத்தில் அதையே செய்யச் சொல்லுங்கள். பாசி, பெரணி, மரத்தில் தொற்றி வளரும் ஆர்கிட், தலைக்கு மேலே ஏதோ ஒரு பறவை. வித்தியாசத்தை நீங்கள் விளக்கவே வேண்டியதில்லை.

புல்வெளிக்கு உரிய விலங்கு வரையாடு. நம் மாநில விலங்கு. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 இருந்தன, 2025ல் 1,303. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழ்நாட்டுப் பக்கத்திலும் கேரளப் பக்கத்திலும் மட்டும்தான் இருக்கிறது. குறிஞ்சியும் இந்தப் புல்வெளிப் பூதான். 12 வருடத்துக்கு ஒரு முறை, 2006லும் 2018லும் பூத்தது, அடுத்து 2030. இன்றைக்கு ஒன்பதாம் வகுப்பில் இருக்கிற பிள்ளை அப்போது கல்லூரிக்குப் போயிருக்கும். அப்போது பறிக்காமல் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று இப்போதே சொல்லி வைக்கலாம்.

கூடலூர் பக்கம் போகிறவர்கள் உண்ணிச்செடியைக் கேட்டுப் பாருங்கள். காட்டுக்குள் புதராக மண்டி, மான் தின்னும் புல்லை வரவிடாமல் செய்கிற வெளிநாட்டுச் செடி. அதன் தண்டை வெட்டி அங்கே உள்ள பழங்குடி மக்கள் நாற்காலியும் ஆளுயர யானைச் சிலையும் செய்கிறார்கள். கைவேலையில் ஆர்வம் உள்ள பிள்ளைகள் அதை விட்டு நகர மாட்டார்கள்.

தோடர் பழங்குடி மக்களின் மந்து (அவர்களுடைய குடியிருப்பு) பார்க்கக் கூட்டிப்போகலாமா?

பார்க்க என்று போகாதீர்கள், சந்திக்க என்று போங்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலேயே ஒரு மந்து இருப்பதால், பூங்கா பார்க்க வந்த கூட்டம் அப்படியே ஏறிப் போய் வீட்டு வாசலில் நின்று படம் எடுக்கிறது. நம் வீட்டு வாசலில் யாரோ வந்து கேட்காமல் நம் பாட்டியைப் படம் எடுத்தால் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். முன்கூட்டியே ஒருவரிடம் பேசி, அவருக்குச் சரிப்பட்ட நேரத்தில், அவர் சொல்ல விரும்புவதைக் கேட்டுவிட்டு வரலாம். எருமைகளைப் பற்றி, கோயிலைப் பற்றி, சிவப்பும் கறுப்பும் நூலால் போடுகிற பூ வேலையைப் பற்றிக் கேட்கலாம். அந்தப் பூ வேலைக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வந்து பேசியவருக்கு அவர் நேரத்துக்கு உரிய பணத்தை டூர் செலவிலேயே ஒதுக்கிவிடுங்கள். கோயிலுக்குக் கிட்டப் போக வேண்டாம் என்று சொன்னால் போகக் கூடாது, அவ்வளவுதான். ஏன் என்று துருவ வேண்டாம்.

ஒரே நாளில் ஏழெட்டு இடம் பார்த்தால்தானே பணம் கொடுத்த பெற்றோருக்குத் திருப்தி?

விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி, எட்டு இடத்தில் இருபது இருபது நிமிடம் இறங்கி, நடுராத்திரி திரும்புகிற டூரில் பிள்ளைகளுக்கு வாந்தியும் தூக்கமும்தான் மிச்சம். ஓட்டுநருக்கும் ஓய்வில்லை, மலைப்பாதையில் அது ஆபத்து. பாதி நாள் வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே போகும்.

இரண்டே இடம் போதும். தாவரவியல் பூங்காவிலேயே மூன்று மணி நேரம் செலவழிக்கலாம். அங்கே இருக்கிற கல்லாக மாறிய மரத்தின் வயது 2 கோடி ஆண்டு என்கிறார்கள். அதைத் தாண்டி ஓடிப் போகிற கூட்டம்தான் அதிகம். இரண்டாவதாகக் குன்னூரில் இருந்து ஊட்டிக்கு மலை ரயில் கிடைத்தால் அது. 1908ல் ஊட்டி வரை வந்த ரயில், 2005ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. கூட்டமாகப் போகிறவர்கள் மிகவும் முன்பே பதிவு செய்தால்தான் இடம்.

சத்தியமங்கலம் வழியாகச் சுற்றி வரலாம் என்று சில பேர் திட்டம் போடுகிறார்கள். திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருப்பதை ஞாபகம் வையுங்கள். விலங்குகள் அடிபடுவதைத் தடுக்க வந்த தடை அது, நம் வசதிக்குத் தளர்த்த மாட்டார்கள்.

பஸ்ஸில் பாட்டு போடலாமா?

சமவெளியில் தாராளமாகப் போடுங்கள், ஆடட்டும். மலை ஏற ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். முதுமலை ரோட்டில் ஸ்பீக்கரும் கூடாது, ஹாரனும் கூடாது, வண்டியை விட்டு இறங்கவும் கூடாது.

எங்கள் பள்ளியில் ஊட்டிக்குப் போகிற அளவுக்குப் பணம் திரட்ட முடியாது. என்ன செய்யலாம்?

ஊட்டியைவிட நல்ல பாடம் சில சமயம் பக்கத்திலேயே இருக்கும். ஈரோட்டில் இருப்பவர்களுக்கு வெள்ளோடு பறவைகள் சரணாலயம் டவுன் பஸ் தூரம். 2022ல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, காலை நேரத்தில் போனால் பறவைகள் நிறைய இருக்கும்.

சிவகங்கை மாவட்டப் பள்ளிகளுக்குக் கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிறது. வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் மிரண்டுவிடும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளோடு நம் பிள்ளைகளை ஒரு மணி நேரம் பேசவிட்டால் போதும். தீபாவளிக்குப் பட்டாசை விட்டுக்கொடுத்த ஒரு பிள்ளை சொல்வதை இன்னொரு பிள்ளை கேட்பதும், ஆசிரியர் சொல்வதைக் கேட்பதும் ஒன்றாகாது. வேடந்தாங்கலிலும் ஊர் மக்கள்தான் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்தார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகும் என்பதை அவர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள்.

கடலூர், சிதம்பரம் பக்கம் இருப்பவர்கள் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போகலாம். துடுப்புப் படகில் போங்கள், அதுதான் குறுகிய வாய்க்காலுக்குள் நுழையும். மூச்சு வேரையும், மரத்திலேயே முளைவிட்டுத் தொங்குகிற விதையையும் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். 2004 சுனாமியின்போது அந்த அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் சேதம் குறைந்ததைப் படகோட்டி அண்ணன்களே சொல்லட்டும். சென்னையில் ஜனவரி முதல் ஆமை முட்டையிடும் காலம். மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் இரவில் கடற்கரையில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். அவர்களோடு நடக்கலாம், ஆனால் டார்ச்சும் செல்போன் வெளிச்சமும் இல்லாமல்.

அப்படியானால் டூரே வேண்டாம் என்கிறீர்களா? கடைக்காரர்கள் பிழைக்க வேண்டாமா?

டூர் வேண்டும். நேரில் பார்க்காத காட்டுக்காக யாரும் வாதாட மாட்டார்கள். கடைக்காரர்களும் பிழைக்க வேண்டும், அதனால்தான் எதை வாங்குகிறோம் என்று பார்க்கச் சொல்கிறேன். எங்கோ தயாராகி ஊட்டி என்று பெயர் ஒட்டி வருகிற பொம்மைக்குக் கொடுக்கிற பணம் ஊட்டியில் தங்காது. சிறு விவசாயிகளின் கூட்டுறவான இன்ட்கோ தேயிலை, மலைக்காய்கறி, உள்ளூர் அடுமனை வர்க்கி, தோடர் கைவேலை, இவை அந்த ஊரில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேரும். கையில் 100 ரூபாய் இருக்கிற பிள்ளையை 'இது எங்கே செஞ்சது அக்கா' என்று கடையில் கேட்கப் பழக்குங்கள்.

போய் வந்த பிறகு பள்ளியில் மரக்கன்று நட்டால் ஈடாகிவிடுமா?

ஆகாது. நடுங்கள், நல்லதுதான், ஆனால் அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள். இன்னொன்று, ஊட்டியிலேயே புல்வெளியில் மரம் நடுகிற நிகழ்ச்சிக்கு யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். புல்வெளிக்கு மரம் எதிரி.

திரும்பியதும் கட்டுரை எழுதச் சொல்வதுதானே வழக்கம்?

'நான் சென்ற இன்பச் சுற்றுலா' என்று 40 பேரும் ஒரே கட்டுரையை எழுதுவார்கள். வேறு மாதிரி செய்து பார்க்கலாம். பஸ்ஸில் சேர்ந்த குப்பையைத் தராசில் நிறுத்து, வகை பிரித்து, சுவரில் எழுதி வைக்கட்டும். அடுத்த வருடம் போகிறவர்கள் அதைக் குறைக்க வேண்டும் என்பது போட்டி. அதிகம் சேர்ந்த பாக்கெட் எந்தக் கம்பெனியுடையது என்று பார்த்து, இதை எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வீர்கள் என்று அந்தக் கம்பெனிக்கே கடிதம் எழுதட்டும். தமிழ்ப் பாடத்துக்கும் ஆகும். தயாரிப்பாளருக்கும் பொறுப்பு உண்டு என்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டும், எல்லாப் பாரத்தையும் பத்து வயதுத் தோளில் ஏற்றக் கூடாது. வழியில் பேசிய வேட்டைத் தடுப்புக் காவலருக்கு நன்றிக் கடிதமும் போடலாம். அவர்களுக்கு அப்படியொன்று வருவது அபூர்வம்.

கொண்டு வந்த குப்பையை எங்கே கொடுப்பது?

திரும்பிய மறுநாளே, பிரித்து வைத்தபடி உங்கள் ஊர் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். மலையிலேயே ஒரு தொட்டியில் கொட்டிவிட்டு வர வேண்டாம். அங்கே குப்பையைக் கீழே இறக்குவது சிரமம், மூடாத தொட்டியைக் காட்டுப்பன்றியும் காட்டெருமையும் கிளறும். வாழை இலை, மிச்ச சாப்பாடு பள்ளித் தோட்டத்து உரக்குழிக்குப் போகட்டும். காகிதமும் கெட்டி பிளாஸ்டிக்கும் பழைய சாமான் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். பளபளக்கிற சிப்ஸ் பாக்கெட்டை அவர் வாங்க மாட்டார். அதைக் கழுவிக் காயவைத்து, தனியாகக் கட்டி, வாங்குகிறவர் யார் என்று ஊராட்சி அலுவலகத்திலோ நகராட்சி அலுவலகத்திலோ கேட்க இரண்டு பிள்ளைகளை ஆசிரியரோடு அனுப்புங்கள். யாரும் வாங்கவில்லை என்றால் அந்த மூட்டை அடுத்த டூர் பெற்றோர் கூட்டம் வரை மன்றத்து அறையிலேயே இருக்கட்டும். அன்றைக்குப் பிள்ளைகளே அதைத் தூக்கிக்கொண்டு வந்து மேசை மேல் வைத்து, இந்த வருடம் என்ன தீனி செய்து தருகிறீர்கள் என்று அம்மா அப்பாவிடம் கேட்பார்கள்.